மூச்சு வாங்கும் மென்பொருள்

வருஷம் முடியப்போகிறது என்பதை எனக்குக் காலண்டர் சொல்வதில்லை, போன்தான் சொல்கிறது. டிசம்பர் பாதி தாண்டியதும் ஒவ்வொரு செயலியும் 'இந்த ஆண்டு நாம் சேர்ந்து நடந்த பாதை' என்று கலர் கலராக எதையாவது அனுப்பிவைக்கும். நான் எவ்வளவு தூரம் நடந்தேன், எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன், எந்தச் செருப்பைப் பார்த்துப் பார்த்து வாங்காமல் விட்டேன், எல்லாம் அதற்குத் தெரியும். கூடப் பிறந்தவனுக்கே தெரியாத சங்கதியெல்லாம் இதற்கு எதற்கு? கடைசியில் ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லிக் கையேந்தும். அதுதான் விஷயம்.

எங்கள் வீட்டிலும் வருஷக் கடைசியில் ஒரு கூத்து உண்டு. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, இந்த வருஷம் எனக்குப் பிடித்த மென்பொருள் இதுதான் என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். மகள் ஆரம்பித்து வைத்த பழக்கம். கட்டடம் வரையப் படிக்கிறாள். அவளுக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு புதுக் காதல் வந்துவிடும். நான் எப்போதும் சொல்வது, வெறும் எழுத்தை மட்டும் தட்டி வைக்கிற அந்தப் பழைய வெள்ளைப் பக்கத்தைத்தான். திறந்தால் திறக்கும், மூடினால் மூடும், சௌக்கியமா என்று விசாரிக்காது. மகள் அதை மென்பொருள் என்றே ஒத்துக்கொள்ள மாட்டாள். அவர் சொல்வதும் வருஷா வருஷம் ஒன்றேதான். அவர் சொல்கிறார் என்பதைவிட, அந்த மென்பொருளே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறது என்பதுதான் சரி.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், ஊருக்கெல்லாம் மாஸ்டர். சில வருஷங்களுக்கு முன் தொண்டையில் வந்த கட்டியோடு குரல்வளையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். இப்போது அவர் மூச்சு விடுவது கழுத்துக்கு அடியில் இருக்கும் சின்னத் துளை வழியாக. அதன் மேல் மெல்லிய துணி ஒன்றைக் கட்டியிருப்பார். வாய் வழியாகப் பேச்சும் கிடையாது, மூச்சும் கிடையாது. கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்துப் பார்த்தார்கள். அதை ஒரு கை பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஓட்டத் தெரியாத ஆளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவருக்கு அது எப்படிச் சரிப்படும்? கடைசியில் டேப்லட்டில் பேசுகிற இந்த மென்பொருளுக்கு வந்து சேர்ந்தார். எழுதினால் அது படிக்கும். அடிக்கடி சொல்கிற வாக்கியங்களுக்குப் பட்டன் வைத்துக்கொள்ளலாம், தட்டினால் உடனே சொல்லிவிடும்.

அதன் குரலுக்கு நாங்கள் வைத்த பெயர் தகரம். காலி எண்ணெய் டின்னுக்குள் உட்கார்ந்து ஒருவன் செய்தி வாசிப்பது போல இருக்கும். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. கோபம் வந்தால் அவர் ஒரே சொல்லை மூன்று நான்கு தடவை தட்டுவார், தகரம் அதே சுருதியில் மூன்று நான்கு தடவை சொல்லும். அதில் எங்களுக்குக் கோபம் கேட்டது. மகளைக் கிண்டல் செய்தார், என்னோடு சண்டை போட்டார், போனில் சொந்தக்காரர்களிடம் துக்கம் விசாரித்தார், எல்லாம் அந்தக் குரலில்தான். முதலில் காதைப் பொத்திக்கொண்டேன். அப்புறம் எப்போது என்று தெரியாமலே அது தகரமாக இல்லாமல் போய் அவராகிவிட்டது. மாடிப்படியில் அந்தச் சத்தம் கேட்டால் அவர் வந்துவிட்டார் என்று எனக்கு நிம்மதியாக இருக்கும்.

இந்த டிசம்பரில் ஒருநாள் காலை சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் யாரோ நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்கள். பிறகு தேனில் தோய்த்த மாதிரி ஓர் இளவட்டக் குரல், "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு" என்றது. கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டேன். திரும்பினால் இவர், டேப்லட்டைப் பிடித்துக்கொண்டு என்னைவிட மிரண்டுபோய் நிற்கிறார். திரையின் மேலே பட்டாசு வெடிக்கிற படம் போட்டு, 'உங்களுக்கு எங்கள் ஆண்டிறுதிப் பரிசு: மேலும் மனிதத்தன்மையுள்ள குரல்' என்று எழுதியிருந்தது.

மனிதத்தன்மை என்று அவர்கள் எதைச் சொன்னார்கள் என்றால், அந்தக் குரல் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் மூச்சு வாங்கும். நிஜ ஆட்கள் அப்படித்தானாம். கழுத்தில் துளை போட்டு மூச்சு விடுகிற மனுஷனுக்கு, வாயால் மூச்சு வாங்குகிற குரலைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள். பழையதைத் திரும்ப எடுக்கலாம் என்று மகள் எல்லா மூலைமுடுக்கையும் தட்டிப் பார்த்தாள். தகரம் இருந்த இடமே இல்லை. வீட்டை வாடகைக்கு எடுத்தவனைக் கேட்காமல் கதவைக் கழற்றிக்கொண்டு போனால் போலீசைக் கூப்பிடுவோம். குரலைக் கழற்றிக்கொண்டு போனவன் எங்களிடம் நட்சத்திரம் கேட்கிறான்.

அன்றைக்கே காரில் அது தன் வேலையைக் காட்டிவிட்டது. டேப்லட் டாஷ்போர்டில் மாட்டியிருக்கும், பெரிய சிவப்புப் பட்டனில் 'பிரேக்'. ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவர் ஒரு பல் டாக்டர் அம்மாள், பயந்த சுபாவம். தெருமுனையில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்திருக்கிறது. இவர் சிவப்பைத் தட்டினார். மென்பொருள் நிதானமாக, ஆழமாக மூச்சை இழுத்தது. இழுத்து முடித்துவிட்டு, காதலியிடம் சொல்வது போல "பிரேக்" என்றது. அதற்குள் இவர் தன் பக்கத்துப் பெடலை மிதித்து வண்டியை நிறுத்திவிட்டார். சைக்கிள்காரன் திட்டிவிட்டுப் போனான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் அம்மாளுக்குத்தான் வருத்தம். மாஸ்டர் இன்றைக்குக் காலையிலிருந்து என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறார், நான் அவ்வளவு மோசமாகவா ஓட்டுகிறேன் என்று ஆபீசில் வந்து கேட்டிருக்கிறார்.

டிரைவிங் ஸ்கூல் என் தம்பியுடையது. சாவிக்கொத்துகள் தொங்கும் பலகை, சாலைக் குறிகள் ஒட்டிய சுவர், உட்கார்ந்தால் கிறீச்சிடும் நாற்காலிகள், அவ்வளவுதான் அந்த ஆபீஸ். தம்பி கெட்டவன் இல்லை, பயந்தாங்கொள்ளி. சைக்கிள் கதை காதுக்கு வந்ததும் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தான். புது வருஷத்தில் புது பேட்ச் ஆரம்பிக்கிறது. அதற்குள் குரல் சரியானால் பார்க்கலாம், இல்லாவிட்டால் காரில் வேறு ஆளைப் போட்டுவிடுகிறேன், மாமா ஆபீசில் உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றான். வேண்டுமானால் தானே 'பிரேக்', 'கிளட்ச்' எல்லாம் பேசிப் பதிவு செய்து தருவதாகவும் சொன்னான். இவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி மறுத்தார். மச்சான் குரலில் வேலை பார்க்கிறதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம் என்பது அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். அதை நான்தான் தம்பிக்கு விளக்கினேன். அவர் என்ன நினைக்கிறார் என்றால், என்று ஆரம்பித்து நிறையவே விளக்கினேன். குரல் போனதிலிருந்து அவருக்கும் சேர்த்து நானே பேசிப் பழகிவிட்டது.

வேறு மென்பொருள் இல்லையா என்று கேட்பவர்கள் கேட்கலாம். தம்பியும் கேட்டான். இருக்கிறது. ஒன்று நெட்வொர்க் இல்லாத தெருவில் ஊமையாகிவிடும். இன்னொன்று கியர் என்பதை ஏதோ வசைச்சொல் மாதிரி உச்சரிக்கும். அதைவிட, இத்தனை வருஷமாக அவர் எழுதிச் சேர்த்த வாக்கியங்களும் பட்டன்களும் இந்த ஒன்றுக்குள்தான் கிடக்கின்றன. வெளியே எடுத்துக்கொண்டு போக வழியே வைக்கவில்லை. உள்ளே வரும்போது மட்டும் எல்லாக் கதவும் திறந்திருந்தது.

ஆபீசிலிருந்து தலைகுனிந்து வெளியே நடந்த அந்த மனிதரைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. காரில் அந்த இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்தால்தான் அவர் முழு ஆள். ஆபரேஷன் முடிந்து வந்தபோது டாக்டரிடம் அவர் முதலில் எழுதிக் கேட்டதே, நான் மறுபடி வண்டியில் உட்காரலாமா என்பதுதான். கவுன்டருக்குப் பின்னால் உட்காரவைத்து, வருகிறவர்கள் எல்லாம் ஐயோ பாவம் என்று பார்த்துவிட்டுப் போகிற ஒரு சாமானாக அவரை ஆக்க நான் விடுவதாயில்லை.

சண்டை போடுவது எப்படி என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம். நான் வேலை பார்ப்பதே பார்சல் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில். தடுப்பு அடித்த சின்னச் சின்னக் கூண்டுகள், காதை அழுத்தும் ஹெட்போன், திரையில் தயாராக இருக்கும் பதில்கள். தொலைந்துபோன பார்சலுக்காகக் கத்துகிறவர்களிடம் 'உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது' என்று நாள் முழுக்கச் சொல்வதுதான் என் பிழைப்பு. இந்த வருஷத்திலிருந்து அதையும் முதலில் ஓர் இயந்திரம்தான் சொல்கிறது. அது சமாளிக்க முடியாததை மட்டும்தான் எங்களிடம் தள்ளும்.

மென்பொருள் கம்பெனிக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது: 'உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது.' எனக்கு ரத்தம் கொதித்தது. என் சரக்கையே என்னிடம் விற்கிறான். பழைய குரல் வேண்டும் என்றேன். அந்தக் குரல் ஓய்வு பெற்றுவிட்டது என்றது. ஓய்வு பெறவேண்டிய வயது அதற்கு ஆகவில்லை, என் வீட்டுக்காரருக்கும் ஆகவில்லை என்று எழுதினேன். புதிய குரலின் மூச்சை எங்கள் பயனர்கள் மிகவும் விரும்புகிறார்கள் என்றது. எந்தப் பயனர், கூட்டிக்கொண்டு வா என்றேன். வேறு ஏதேனும் உதவி வேண்டுமா என்று கேட்டது. இயந்திரத்தோடு வாய்ச்சண்டை போட்டு ஜெயித்தவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.

அப்போதுதான் தொழில்புத்தி வேலை செய்தது. எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டு. புகாரில் 'விபத்து' என்றோ 'காயம்' என்றோ ஒரு சொல் இருந்தால் இயந்திரம் அதைத் தொடக் கூடாது, நேராக மனுஷர் கைக்குப் போய்விட வேண்டும். எல்லாக் கம்பெனியிலும் இதே கதைதான். மதியம் அவர் கண்ணயர்ந்திருந்தபோது டேப்லட்டை எடுத்து, அவர் கணக்கிலிருந்தே, அவர் எழுதுவது போலவே எழுதினேன்: உங்கள் புதிய குரலால் நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது விபத்து நடந்திருக்கும், காயம் பட்டிருக்கும். நான் பொய் சொல்லவில்லை. நடந்திருக்கும் என்றுதான் எழுதினேன். இதோ இப்போது ஒரு மனுஷன் போன் செய்வான் என்று ஜம்பமாகக் காத்திருந்தேன்.

மனுஷன் யாரும் வரவில்லை. மறுநாள் காலை அவர் டேப்லட்டைத் தட்டினார், ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி தட்டினார். எல்லாப் பட்டன்களும் சாம்பல் நிறமாகிக் கிடந்தன. நடுவில் ஒரு வாசகம்: 'விபத்து பற்றிய தகவல் கிடைத்திருப்பதால், உங்கள் பாதுகாப்பைக் கருதி இந்தக் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.' அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விபத்தா, எங்கே, யாருக்கு என்று கையாலேயே கேட்டார். நான் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் வந்தது வேறு. பாருங்கள் இவர்கள் அக்கிரமத்தை என்று கம்பெனியைத்தான் திட்டினேன். அந்த நேரத்தில் அதுதான் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அதற்குப் பிறகு வீடு எப்படி இருந்தது தெரியுமா? மூச்சு வாங்குகிற அந்தத் தேன்குரலாவது இருக்கக் கூடாதா என்று ஏங்க வைத்துவிட்டார்கள். அவர் மேஜையைத் தட்டிக் கூப்பிட்டார். காகிதத்தில் எழுதிக் காட்டினார், நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் போகட்டும் விடு என்று கையை வீசிவிட்டார். மருந்துக்கடையில் வரிசையில் பின்னால் நின்றவன், பெரியவர் என்ன வேணும்னு வாயைத் திறந்து சொல்ல மாட்டாரா என்றானாம். மகள் வந்து சொல்லிவிட்டு அழுதாள். வழக்கமான வருஷக் கடைசிப் பேச்சை மேஜையில் யாரும் எடுக்கவில்லை. பிடித்த மென்பொருளாம். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

வருஷத்தின் கடைசி நாள் மதியம் போன் வந்தது. கம்பெனியின் மேலாளர், ஒரு பெண். எனக்கு உடனே புரிந்துவிட்டது, முடிக்காத புகார்களையெல்லாம் வருஷம் முடிவதற்குள் முடித்துக் காட்ட வேண்டும், எங்கள் ஆபீசிலும் இன்றைக்கு அதே கூத்துதான் நடக்கும். ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தேன். அவர் எதிரே உட்கார்ந்திருந்தார், மகள் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

மேலாளர் தயாராக எழுதிவைத்ததைப் படித்தாள். சாரே தன் கைப்பட விபத்து என்று எழுதியிருக்கிறார், ஆகவே விதிப்படிதான் நிறுத்தினோம், இனிமேல் வண்டியில் பயன்படுத்த மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால் திறந்துவிடுவோம் என்றாள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்துக்கொண்டு, வண்டியில் பயன்படுத்தத்தான் அவர் அதை வாங்கியதே என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் பேசினேன். சைக்கிள், டாக்டர் அம்மாள், என் தம்பி, மருந்துக்கடை, ஒன்றையும் விடவில்லை. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதில் அடுத்தவர் பேச்சை ஏற்றுக்கொள்ள விதியில்லை என்றாள்.

"கணக்கு அவர் பேர்ல இருக்கு மேடம். அவரே லைன்ல வந்து, நான்தான் பேசறேன், எனக்குச் சம்மதம்னு வாயால சொல்லணும். அதைப் பதிவு பண்ணிக்கிட்டுத்தான் திறக்க முடியும்."

 போனை நோக்கிக் குனிந்தேன்.

"அவர் வாயைப் பூட்டி சாவியை நீங்க வெச்சிருக்கீங்க. இப்ப அவரையே வாயைத் திறந்து சொல்லச் சொல்றீங்க. நீங்க என்ன விக்கறீங்கன்னாவது உங்களுக்குத் தெரியுமா?"

மன்னிக்கணும் மேடம், விதி அப்படி என்றாள். நான் எழுந்தே விட்டேன். என்னென்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அவர் கையை நீட்டிப் போனை எடுத்துக்கொண்டார்.

கழுத்துத் துணியின் முடிச்சை அவிழ்த்தார். வெளியாட்கள் முன்னால் அவர் அதை அவிழ்த்து நான் பார்த்ததில்லை. போனைத் துளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். மூச்சை இழுத்தார், விட்டார். கரகரவென்று, ஈரமாக, நடுவில் கொஞ்சம் விசிலடித்தபடி போய்வருகிற மூச்சு அது. எங்களுக்குப் பழகிய சத்தம். புதிதாகக் கேட்கிறவர்கள் என்ன சத்தம் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

"ஹலோ? சார், லைன்ல இருக்கீங்களா? சொல்லுங்க சார்."

அவர் மறுபடி இழுத்தார், விட்டார். அவசரப்படவில்லை. அந்தப் பக்கம் அவள் இன்னொரு தடவை சார் என்றாள். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. எங்கள் கூண்டுகளில் அப்படி ஒரு மௌனம் எப்போதாவது வரும், திரையில் எழுதியிருப்பதை இனிமேல் படிக்க முடியாது என்று ஆகிப்போகிற நேரத்தில்.

"திறந்துடறேன் சார்," என்றாள். குரல் தாழ்ந்து மாறியிருந்தது. கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. "பழைய குரலையும் போட்டுடறேன். அதை நாங்க அழிக்கல. கண்ணுக்குத் தெரியாம வெச்சிருந்தோம், எல்லாரும் புதுசுக்கு மாறட்டும்னு."

இருந்திருக்கிறது. இத்தனை நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. ஓய்வு பெற்றுவிட்டது என்று என்னிடம் வாய் கூசாமல் சொன்னார்கள். நான் போனைப் பிடுங்கப் போனேன், மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேஜையில் டேப்லட்டின் சாம்பல் பட்டன்கள் ஒவ்வொன்றாக நிறம் பிடித்தன. வண்டி விஷயத்தைத் தன் பொறுப்பில் குறிப்பெழுதி மேலே அனுப்புவதாகவும், அந்த நிபந்தனையை எடுத்துவிட்டதாகவும் அவள் சொன்னாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். என்ன கேட்கப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் தினம் கேட்கிற கேள்விதான்.

"சார், அப்ப இந்தப் புகார் தீர்ந்ததுன்னு முடிச்சுக்கலாமா?"

தீர்ந்தது, தீர்ந்தது, எங்களை விடுங்கள் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவர் ஒரு விரலை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டு டேப்லட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"இல்ல," என்றது தகரம். மூச்சு வாங்காமல், சட்டென்று.

அவர் எழுத ஆரம்பித்தார். அவருக்கு இரண்டு விரல்தான் ஓடும். அந்தப் பக்கம் அவள் காத்திருந்தாள், வைத்துவிடவில்லை. நானும் காத்திருந்தேன். அவர் எழுதி முடிக்கும் வரை நான் சும்மா இருந்தது வெகுநாளைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத் தட்டினார்.

"நான் விபத்துன்னு எழுதல. குரலை மாத்தவும் சொல்லல. இது என் பேச்சு. இதுல யார் எதைச் செய்யறதா இருந்தாலும் முதல்ல என்னைக் கேக்கணும்."

கேட்கிறோம் சார் என்றாள் அவள். ஆனால் அவர் தட்டும்போது போனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.